கோட்டில்லாமல் போனவன்

சன்னல் மாற்ற வைத்திருந்த பணம்
அறுநூற்று இருபது யூரோ.
இருவரில் ஒருவருக்குத்தான் அது காணும்.

ரீகாவிலிருந்து சிக்ரீடா, எடிட்டர்,
பக்கத்துக்கு இரண்டு யூரோ.
முந்நூற்றுப் பத்துப் பக்கம்.
கணக்கு நூல் பிடித்தாற்போல் சரியாக வந்தது.

செசிஸிலிருந்து தாலிஸ், எழுத்துப் பயிற்சியாளர்,
மணிக்கு நாற்பது.
பதினைந்து மணி நேரம் போக
இருபது யூரோ மிஞ்சும்.
நாவல் மிஞ்சுமா என்று அவர் சொல்லவில்லை.

நான் லியபாயாவில் டிராம் ஓட்டுகிறேன்.
இந்த ஊருக்கு ஒரே தடம்,
மூடிய இரும்பாலையிலிருந்து ஏரிக்கரைக் குடியிருப்பு வரை,
பிறகு அதே தண்டவாளத்தின் மறுபக்கம்.
கடைசி நிறுத்தத்தில் எட்டு நிமிடம் நிற்கும்.
அந்த எட்டு எட்டு நிமிடங்களில்
ஆறு வருடம் எழுதினேன்.

சிக்ரீடா மாதிரிக்குப் பத்துப் பக்கம் திருத்தி அனுப்பினார்.
மீனில் முள்ளெடுக்கும் விரல் அந்தப் பென்சிலுக்கு.
மூன்று முறை சொன்னதை ஒரு முறை சொல்ல வைத்தது.
'மிகவும்' பதினொரு இடத்தில் செத்தது,
ஒன்றுக்கும் நான் அழவில்லை.
தலைவாரிவிட்ட பிள்ளைகளாக
வரிகள் நின்றன.

மூன்றாம் அத்தியாயம், பிப்ரவரி.
ஓட்டோ கோட்டில்லாமல் வீட்டைவிட்டுப் போகிறான்.
அதன்மேல் ஒரு கோடு.
ஓரத்தில்: 'முழங்கால் அளவு பனி. பிழை.'
கையோடு ஒரு கோட்டும் அணிவித்திருந்தார்,
சாம்பல் நிறக் கம்பளி.
நல்ல கோட்டு.
நான் அவனுக்கு ஒருநாளும் வாங்கித் தராதது.

தாலிஸ் தொலைபேசியில்
அதே வரியை மெதுவாக வாசித்தார்.
முந்திக்கொண்டேன்:
தெரியும், பிழை, மாற்றிவிடுகிறேன்.
"மாற்ற வேண்டாம். ஏன் கோட்டில்லை?"
அப்புறம் சும்மா இருந்தார்.
இந்த மௌனத்துக்கும் மணிக்கு நாற்பதா
என்று கேட்க வாயெடுத்து
அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் முழுக்க
கதவு திறந்த நிறுத்தமெல்லாம்
கேள்வி சீட்டெடுக்காமல் ஏறியது.
தோல் கோட்டு, மழைக்கோட்டு,
பொத்தான் அறுந்த பள்ளிக்கோட்டு
ஏறின, இறங்கின.
சந்தையருகே மணியடிக்க மறந்துவிட்டேன்.
முட்டைக்கோஸ் வண்டிக்காரன்
என் பிறப்பை விசாரித்தான்.

ஏனென்றால்
அவன் போனது பிப்ரவரியில் இல்லை.
கோடையில்.
யானி இரவு. கடற்கரையெங்கும் தீ.
எல்லோரும் பாடிக்கொண்டிருக்க,
தலையில் ஓக் இலை வளையத்தோடு நின்றவனைப் பார்த்து
போ என்று சொன்னது நான்.

அந்த இரவை எழுத முடியாமல்
அவன்மேல் ஒரு குளிர்காலத்தைத் தள்ளினேன்.
மாதத்தை மாற்றினேன்,
பனியைக் கொட்டினேன்,
பாட்டை அணைத்தேன்.
உடையை மறந்துவிட்டேன்.
என் பொய்யில் இருந்த ஒரே ஓட்டை அது.
அதைத்தான் சிக்ரீடா
தையல் தெரியாமல் அடைத்துக் கொடுத்திருந்தார்.
பத்துப் பக்கமும் சுத்தம்.
சுத்தமான பொய்.

அவருக்கு எழுதினேன்: இப்போது இல்லை, மன்னிக்கவும்.
பதில் உடனே வந்தது:
'முடிந்ததும் அனுப்புங்கள்.
அதற்குள் மிகவும்கள் மீண்டும் முளைத்திருக்கும்.'
அதில் ஓர் எழுத்துப்பிழை.
அவரை எனக்கு அப்போதுதான் பிடித்தது.

இது ஆறாவது மணி நேரம்.
ஒரு பக்கம்கூடக் கூடவில்லை,
இருந்ததில் நாற்பது போய்விட்டது.
தாலிஸ் இன்னும் கேட்கிறார்,
நான் இன்னும் சுற்றி வளைக்கிறேன்.
தப்பான ஆளுக்குக் காசு கொடுத்தேனோ என்று
சில இரவுகளில் கணக்குப் போடுகிறேன்.

பழைய சன்னல், பழைய இடுக்கு.
கடல்காற்றுக்கு இந்த ஊரில்
எல்லா வீடும் சொந்த வீடு.
மூன்றாம் அத்தியாயத்தைக் கிழித்து
நான்காக மடித்துச் செருகியிருக்கிறேன்.
என் பிப்ரவரி
முதல்முறையாக ஒரு வேலைக்கு உதவுகிறது.

அப்படியும் குளிர்கிறது.
கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து
கோடையை எழுதுகிறேன்.